டேட் ரேஞ்ச் க்வெரி தப்பா வருதா? அறிகுறிய வச்சே கோளாறு எங்கன்னு பாத்துடலாம்

பெங்களூர்ல காலைல அஞ்சு மணிக்கு எந்த பெரிய அபார்ட்மென்ட் வாசல்ல நின்னாலும், பால் பாக்கெட்டும் தோசை மாவும் பையில அடுக்கி வச்சுக்கிட்டு லிஃப்டுக்கு காத்துக்கிட்டு இருக்குற பசங்கள பாக்கலாம். ஒவ்வொரு வீட்டுக் கதவுலயும் பைய மாட்டிட்டு ஆப்ல ஒரு தட்டு தட்டுவாங்க, அது ஒரு ரெக்கார்டா டேட்டாபேஸ்ல போய் விழும். அந்த மாதிரி ஒரு கம்பெனில அந்த ரெக்கார்டுகள வச்சு பசங்க சம்பளம், கஸ்டமர் பில், அக்கவுன்ட்ஸ் ரிப்போர்ட் எல்லாம் எடுத்துக் குடுக்குறது என் வேலை. ஒரு வீட்டுக்கு இவ்வளவுன்னு கணக்கு போட்டு சம்பளம் குடுக்குறதால, க்வெரில (டேட்டாபேஸ்கிட்ட நாம எழுதிக் கேக்குற கேள்விதான் க்வெரி) ஒரு நாள் விட்டுப்போச்சுன்னா யாரோ ஒரு பையனோட ஒரு நாள் கூலி போச்சுன்னு அர்த்தம். அதனால இந்த விஷயத்துல எனக்கு கொஞ்சம் பிடிவாதம் ஜாஸ்தி.

"இந்த தேதில இருந்து இந்த தேதி வரைக்கும்"னு கேக்குற க்வெரி பாக்க ரொம்ப ஈஸியா இருக்கும், எர்ரரும் வராது, ஒரு நம்பர் வந்துடும், அந்த நம்பர் தப்புன்னு யாராச்சும் வந்து சொல்ற வரைக்கும் தெரியாது. கோளாறு பெரும்பாலும் ரேஞ்சோட ரெண்டு ஓரத்துலதான் இருக்கும், நடுவுல இருக்காது. கீழ ஒவ்வொரு அறிகுறியா எழுதியிருக்கேன், உங்களுக்கு எது பொருந்துதோ அங்க நேரா போயிடுங்க. எஸ்க்யூஎல் க்வெரியெல்லாம் தமிழ் எழுத்துலயே குடுத்திருக்கேன், அடிக்கிறப்போ வழக்கம்போல இங்கிலீஷ்ல அடிச்சுக்கோங்க. டேபிள் பேரு டெலிவரி, நேரம் இருக்குற காலம் (டேபிளோட ஒரு பத்தி, இங்கிலீஷ்ல column) பேரு டெலிவரி_நேரம்னு வச்சுக்குவோம்.

அறிகுறி: மாசத்தோட கடைசி நாள் மட்டும் காணோம்

மார்ச் 31-ன்னா அக்கவுன்ட்ஸ்ல எவ்வளவு முக்கியம்னு சொல்லவே வேணாம், ஃபைனான்ஷியல் இயர் அன்னிக்குத்தான் முடியுது. எங்க அக்கவுன்ட்ஸ் மேடம் ஏப்ரல் முதல் வாரத்துல வந்து "மார்ச் மாசத்துல 30 நாள்தான் இருக்கு, 31 எங்கப்பா?"ன்னு கேட்டாங்க. ஏப்ரல் ரிப்போர்ட்லயும் அந்த நாள் இல்ல. ரெண்டு ரிப்போர்ட்டுக்கும் நடுவுல விழுந்து போச்சு. க்வெரி இப்படி இருந்துச்சு:

வேர் டெலிவரி_நேரம் பிட்வீன் '2025-03-01' அண்ட் '2025-03-31'

பிட்வீன் ரெண்டு ஓரத்தையும் சேத்துக்கும், அது உண்மைதான். ஆனா டெலிவரி_நேரம் டேட்டைம் டைப், அதாவது தேதியும் மணியும் சேந்தே இருக்கும். அதோட வெறும் தேதிய ஒப்பிட்டா டேட்டாபேஸ் அத '2025-03-31 00:00:00'ன்னு எடுத்துக்கும். அதாவது 31-ம் தேதி பொறந்த அந்த ஒரு நொடி மட்டும் உள்ள, காலைல 4:40-க்கு பையன் போட்ட பாக்கெட் வெளிய. காலம் வெறும் டேட் டைப்பா இருந்தா இந்த பிரச்சனை வராது, அதனாலதான் ஒரு டேபிள்ல சரியா வந்த க்வெரி இன்னொரு டேபிள்ல சொதப்புது.

இதுதானான்னு உறுதி பண்ண, அதே வேர் கண்டிஷனோட மேக்ஸ்(டெலிவரி_நேரம்) எடுத்துப் பாருங்க. 30-ம் தேதி நேரமோ இல்ல 31-ம் தேதி சரியா 00:00:00-வோ வந்தா இதேதான். சரி பண்ற வழி:

வேர் டெலிவரி_நேரம் >= '2025-03-01' அண்ட் டெலிவரி_நேரம் < '2025-04-01'

ஆரம்பம் உள்ள, முடிவு வெளிய. முடிவுக்கு எப்பவும் அடுத்த நாளோட முதல் நொடிய குடுத்துட்டு "அதுக்கு கம்மி"ன்னு கேளுங்க. மாசத்துக்கு 28 நாளா 31 நாளான்னு கணக்கு பாக்க வேண்டிய வேலையும் மிச்சம். பிப்ரவரிக்கு பிப்ரவரி 1-ல இருந்து மார்ச் 1-க்கு கம்மி, லீப் வருஷம் வந்தாலும் க்வெரிய தொட வேணாம்.

அறிகுறி: 23:59:59 போட்டும் ஒண்ணு ரெண்டு ரெக்கார்டு உதைக்குது

மேல இருக்குற பிரச்சனைக்கு நிறைய பேர் பண்ற வைத்தியம் இது, முடிவு நேரத்துல 23:59:59 போட்டுடுவாங்க. எங்க ஆப்ல நாளைக்கு வேணும்ங்கிற பால ராத்திரி 12 மணிக்குள்ள சொல்லிடணும், அதனால கடைசி நிமிஷத்துலதான் கூட்டம். அந்த கடைசி நொடிக்குள்ளயே, அதாவது 23:59:59.4 மாதிரி நேரத்துல ஆர்டர் விழும். காலம் மைக்ரோசெகண்ட் வரைக்கும் வச்சுக்குற டைப்பா இருந்தா 23:59:59.4-ங்கிறது 23:59:59-ஐ விட பெருசு, ஆக வெளிய போயிடும்.

சரி, .999 போடுவோம்னு தோணும். எஸ்க்யூஎல் சர்வர்ங்கிற டேட்டாபேஸ்ல பழைய டேட்டைம் டைப் நொடிய முழுசா ஆயிரமா பிரிச்சு வச்சுக்காது, கடைசி இலக்கம் 0, 3, 7-ன்னுதான் நிக்கும், அதனால 23:59:59.999-ன்னு நீங்க குடுத்தா அது மேல ரவுண்ட் ஆகி அடுத்த நாள் 00:00:00 ஆயிடும். பிட்வீனோட சேந்தா அடுத்த நாளோட முதல் நொடி ரெக்கார்டு உங்க ரிப்போர்ட்ல ஏறிக்கும். மைஎஸ்க்யூஎல்லயும் ஒண்ணு இருக்கு: பின்னம் இல்லாத டேட்டைம் காலத்துல 23:59:59.6-ஐ இன்சர்ட் பண்ணா அது வெட்டாது, டீஃபால்ட்டா ரவுண்ட் பண்ணும், அந்த ஆர்டர் அடுத்த நாள் கணக்குல போய் உக்காந்துக்கும். அத க்வெரில சரி பண்ண முடியாது, காலத்துக்கு பின்னம் குடுக்கணும். மத்ததுக்கெல்லாம் மேல சொன்ன >= , < ஜோடியே போதும், இந்த 9-கள எண்ணிக்கிட்டு இருக்க வேணாம்.

அறிகுறி: ரெண்டு மாசத்தையும் கூட்டினா மொத்தத்த விட ஜாஸ்தி வருது

முன்னாடி சொன்னதுக்கு நேர் எதிர். யாரோ பிட்வீன் '2025-03-01' அண்ட் '2025-04-01'-ன்னு போட்டிருப்பாங்க. ஏப்ரல் 1 நடுராத்திரி 00:00:00 ரெக்கார்டு மார்ச்லயும் வரும், ஏப்ரல்லயும் வரும். ஒரு நொடிதானேன்னு விட்டுடாதீங்க. மாசாந்திர சப்ஸ்க்ரிப்ஷன் புதுப்பிக்க தானா ஓடுற ஜாப் ஒண்ணு இருந்துச்சுன்னா அது எல்லா ரெக்கார்டுக்கும் சரியா 00:00:00-ன்னுதான் நேரம் போடும், அந்த ஒரு நொடில மொத்த கஸ்டமரும் இருப்பாங்க.

அறிகுறி: விடியக்காலை ரெக்கார்டு முந்தின நாள்ல போய் விழுது

இதுதான் எங்கள ரொம்ப படுத்தினது, அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

கிருஷ்ணகிரி பக்கத்துல இருந்து வந்து பெல்லந்தூர்ல ரூம் எடுத்து தங்கியிருக்குற ஒரு தம்பி, ஒரு நாள் காலைல பத்து மணிக்கு ஆபீஸுக்கே வந்துட்டான். ஹெல்மெட்ட கூட கழட்டாம போன நீட்டினான். "அண்ணா, இன்னிக்கு 46 வீடு போட்டேன், ஆப்ல 19-தான் காட்டுது. நேத்து நான் லீவு, ஊர்ல இருந்தேன், ஆனா நேத்து 27 போட்ட மாதிரி காட்டுது பாருங்க." 19-ம் 27-ம் சேந்தா 46. ரெக்கார்டு எதுவும் தொலையல, நாள்தான் மாறியிருந்துச்சு. அந்த 27-ஐயும் எடுத்து நேரத்த பாத்தேன், எல்லாமே காலைல 5:30-க்கு முன்னாடி போட்ட வீடு. 19-ம் 5:30-க்கு அப்புறம்.

5:30-ன்னு பாத்தாலே நம்ம ஊர்ல வேலை பாக்குறவங்களுக்கு பொறி தட்டணும். சர்வர் யுடிசில, அதாவது உலகப் பொது நேரத்துல ஓடுது, இந்திய நேரம் அதுக்கு அஞ்சரை மணி நேரம் முன்னாடி. யுடிசில நாள் மாறுறப்போ இங்க மணி காலை 5:30. ராத்திரி 12-ல இருந்து காலை 5:30 வரைக்கும் நடக்குறது எல்லாம் யுடிசி கணக்குல இன்னும் நேத்துதான். பகல் கடை நடத்துறவங்களுக்கு இது வருஷக்கணக்குல தெரியாமயே இருக்கலாம், பால் போடுறவங்களுக்கு மொத நாளே தெரிஞ்சுடும்.

மொதல்ல எது எந்த நேரத்துல இருக்குன்னு நிலைமைய தெரிஞ்சுக்கோங்க. உங்களுக்கு நேரம் நிச்சயமா தெரிஞ்ச ஒரு ரெக்கார்டு எடுங்க (கதவுல மாட்டின பைய பசங்க போட்டோ எடுப்பாங்க, அந்த நேரம் எனக்கு உதவுச்சு), டேபிள்ல இருக்குற நேரத்தோட ஒப்பிடுங்க. அப்புறம் மைஎஸ்க்யூஎல்லா இருந்தா செலக்ட் @@குளோபல்.டைம்_ஸோன், @@செஷன்.டைம்_ஸோன், போஸ்ட்கிரஸா இருந்தா ஷோ டைம்ஸோன். சிஸ்டம்னு வந்தா அந்த மெஷினோட நேரம்னு அர்த்தம்.

இப்போ சரி பண்றது. மார்ச் 10-ங்கிற இந்திய நாள் யுடிசில மார்ச் 9 மாலை 18:30-க்கு தொடங்கி மார்ச் 10 மாலை 18:30-க்கு முடியுது. அதனால:

வேர் டெலிவரி_நேரம் >= '2025-03-09 18:30:00' அண்ட் டெலிவரி_நேரம் < '2025-03-10 18:30:00'

கையால கழிக்க வேணாம்னா மைஎஸ்க்யூஎல்ல கன்வர்ட்_டிஇசட்('2025-03-10 00:00:00', '+05:30', '+00:00')-ன்னு ஓரத்துக்கு போடுங்க. கவனிங்க, மாத்துறது ஓரத்த மட்டும், காலத்த இல்ல. காலத்துமேல கன்வர்ட் போட்டா இன்டெக்ஸ் (டேபிள்ல சட்டுன்னு தேட டேட்டாபேஸ் வச்சுக்குற அட்டவணை) வேலை செய்யாது, அத கீழ சொல்றேன். நமக்கு நாடு முழுக்க ஒரே நேரம், கோடைக்கு ஒரு மணி நேரம் முன்ன பின்ன தள்ளுற வழக்கமும் இல்ல, அதனால இந்திய டேட்டாவுக்கு +05:30 தைரியமா போடலாம்.

அதே ஃபங்ஷன்ல 'ஏசியா/கொல்கத்தா'ன்னு பேரு போட்டீங்க, எர்ரர் எதுவும் இல்லாம ஒரு ரெக்கார்டு கூட வரலன்னா, மைஎஸ்க்யூஎல்ல டைம்ஸோன் டேபிள் ஏத்தல. அப்போ கன்வர்ட்_டிஇசட் 'நல்' (null, அதாவது மதிப்பே இல்லாத வெத்து) குடுக்கும், நல்லோட எத ஒப்பிட்டாலும் எதுவும் வராது. அந்த ஃபங்ஷன மட்டும் தனியா செலக்ட் பண்ணிப் பாத்தா உடனே தெரிஞ்சுடும்.

போஸ்ட்கிரஸ்ல வேற ரெண்டு குழி இருக்கு. அட் டைம் ஸோன் 'ஐஎஸ்டி'ன்னு போட்டா நம்ம ஆளுங்க இந்திய நேரம்னு நினைப்போம், ஆனா யுடிசில ஓடுற சர்வர்ல டீஃபால்ட் செட்டிங்ல அது இஸ்ரேல் நேரம், யுடிசிக்கு ரெண்டு மணி நேரம்தான் முன்னாடி. இன்னொண்ணு, அட் டைம் ஸோன் '+05:30'-ன்னு போட்டா அங்க கூட்டல் குறிக்கு அர்த்தம் தலைகீழ், கிரீனிச்சுக்கு மேற்குப் பக்கம்னு எடுத்துக்கும். ரெண்டையும் விட்டுட்டு முழுப் பேரா 'ஏசியா/கொல்கத்தா'ன்னு எழுதிடுங்க.

எதுல மாட்டியிருக்கீங்கன்னு கண்டுபிடிக்க ஒரு சுருக்கு வழி: உங்க ரிப்போர்ட்ல நாள் இந்திய நேரப்படி எத்தனை மணிக்கு தொடங்குதுன்னு பாருங்க. காலை 5:30-ன்னா ஸோன் மாத்தவே இல்ல, யுடிசியாவே கேட்டிருக்கீங்க. காலை 3:30-ன்னா 'ஐஎஸ்டி' இஸ்ரேலா போயிடுச்சு. காலை 11 மணின்னா கூட்டல் குறி தலைகீழ். எங்க பசங்க 4:40-க்குத்தான் தொடங்குவாங்க, அதனால டெலிவரி ரிப்போர்ட்ல அந்த 3:30 கோளாறு கண்ணுக்கே தெரியல, ராத்திரி ஒரு மணிக்கு வந்த கம்ப்ளெயின்ட்டுகள பாத்தப்போதான் பிடிபட்டுச்சு.

அறிகுறி: என் லேப்டாப்ல சரி, சர்வர்ல தப்பு

மேல இருக்குறதோட தம்பி இது. மைஎஸ்க்யூஎல்ல டைம்ஸ்டாம்ப், டேட்டைம்னு ரெண்டு டைப் இருக்குல்ல, டேட்டைம்ல என்ன எழுதுனீங்களோ அதுவே திரும்ப வரும், டைம்ஸ்டாம்ப் உள்ளுக்குள்ள யுடிசியா வச்சுக்கிட்டு யாரு கேக்குறாங்களோ அவங்க செஷனோட ஸோனுக்கு மாத்திக் குடுக்கும். உங்க லேப்டாப்ல ஓடுற டேட்டாபேஸ் இந்திய நேரத்துல இருக்கும், க்ளவுட்ல இருக்குறது யுடிசில இருக்கும், ஒரே க்வெரி ரெண்டு இடத்துல ரெண்டு பதில் சொல்லும். கனெக்ஷன் திறந்த உடனே செட் டைம்_ஸோன் = '+05:30' குடுத்துடுங்க. குடுத்துட்டீங்கன்னா டைம்ஸ்டாம்ப் காலத்துக்கு மேல சொன்ன 18:30 கணக்க போடக் கூடாது, ரெண்டு தடவ கழிஞ்சுடும்.

அறிகுறி: "கடைசி 7 நாள்" காலைல ஒரு நம்பர், சாயங்காலம் ஒரு நம்பர்

வேர் ஆர்டர்_நேரம் >= நவ்() - இன்டர்வல் 7 டே

இது ஏழு நாள் இல்ல, 168 மணி நேரம். காலை 10:30-க்கு ஓட்டினா போன வாரம் இதே நாள் 10:30-ல இருந்துதான் எடுக்கும். நாள்வாரியா க்ரூப் பண்ணா எட்டு நாள் வரும், முதல் நாளும் கடைசி நாளும் அரைகுறையா இருக்கும், சார்ட்ட பாத்தவங்க "என்னப்பா ஆர்டர் குறைஞ்சுடுச்சா"ன்னு பதறுவாங்க. முழு நாளா வேணும்னா:

வேர் ஆர்டர்_நேரம் >= கர்டேட்() - இன்டர்வல் 7 டே அண்ட் ஆர்டர்_நேரம் < கர்டேட்()

இன்னிக்கு முடியாத நாள், அத விட்டுட்டு முடிஞ்ச ஏழு நாள் வரும். இங்கயும் கர்டேட் யாரோட இன்னிக்குன்னு பாக்கணும். தினமும் காலை 5 மணிக்கு தானா ஓடுற க்ரான் ஜாப்புக்கு யுடிசி சர்வர்ல இன்னிக்குன்னா அது நமக்கு நேத்து.

அறிகுறி: பதில் சரி, ஆனா ரொம்ப நேரம் எடுக்குது

வேர் டேட்(டெலிவரி_நேரம்) = '2025-03-10' மாதிரி எழுதியிருப்பீங்க. பாக்க அழகா இருக்கும், டேபிள் சின்னதா இருக்குற வரைக்கும் தெரியாது. இன்டெக்ஸ் இருக்குறது டெலிவரி_நேரத்துமேல, நீங்க கேக்குறது டேட்()-டோட விடை, அதனால ஒவ்வொரு வரியா எடுத்து டேட் போட்டு பாத்துட்டுத்தான் சொல்லும். க்வெரிக்கு முன்னாடி எக்ஸ்ப்ளெய்ன் போட்டுப் பாருங்க, அத எப்படி ஓட்டப் போகுதுன்னு டேட்டாபேஸே சொல்லும், மைஎஸ்க்யூஎல்ல டைப்ங்கிற இடத்துல ஆல்னு இருந்தா முழு டேபிளையும் மேயுதுன்னு அர்த்தம். >= , < ஜோடியா மாத்தி திரும்ப எக்ஸ்ப்ளெய்ன் போட்டா, கேட்ட இடைவெளி சின்னதா இருந்தா ரேஞ்ச்னு மாறிடும். மந்த்() = 3-ன்னு எழுதுறதும் இதே கதைதான், அதுல கூடுதலா எல்லா வருஷத்தோட மார்ச்சும் வந்து சேரும்.

அறிகுறி: எல்லாமே வருது, இல்ல எதுவுமே வரல

மூணு விஷயம் பாருங்க. ஒண்ணு, தேதி வார்கேர் டைப்ல, அதாவது வெறும் எழுத்தா கிடக்குதா. எக்ஸல்ல இருந்து ஏத்தின பழைய டேபிள்ல '28/03/2025' மாதிரி இருக்கும். பிட்வீன் '28/03/2025' அண்ட் '05/04/2025'-ன்னு கேட்டா எழுத்து வரிசைல 28 பெருசு, 05 சின்னது, ரேஞ்சே தலைகீழ், ஒண்ணும் வராது. புதுசா ஒரு டேட் காலம் போட்டு ஸ்ட்ர்_டு_டேட்ல நாள், மாசம், நாலு இலக்க வருஷம்னு வரிசைய சொல்லி மாத்திடுங்க, தற்காலிகமா சமாளிக்கப் பாக்காதீங்க.

ரெண்டு, நேரம் 1970 தொடக்கத்துல (யுடிசி) இருந்து எண்ணின நம்பரா இருக்கா. 10 இலக்கம்னா செகண்ட், 13 இலக்கம்னா மில்லிசெகண்ட், ஜாவாஸ்க்ரிப்ட்ல இருந்து நேரா வர்றது பெரும்பாலும் 13. மார்ச் 10, 2025 இந்திய நடுராத்திரி 1741545000, அதே மில்லிசெகண்ட்ல 1741545000000. காலம் 13 இலக்கத்துல இருந்து நீங்க 10 இலக்கத்துல கேட்டா "இதுக்கு மேல"ங்கிறது எல்லாத்துக்கும் பொருந்தும், "இதுக்கு கீழ"ங்கிறது எதுக்குமே பொருந்தாது.

மூணு, எஸ்க்யூஎல் சர்வர்ல பழைய டேட்டைம் டைப்போட '2025-03-04'-ன்னு ஒப்பிட்டா லாகின் மொழி பிரிட்டிஷ் இங்கிலீஷா இருக்குறப்போ ஏப்ரல் 3-ன்னு படிச்சுடும். கோடு இல்லாம '20250304'-ன்னு எழுதுங்க.

அறிகுறி: அந்த வாரத்துல நிறுத்தி வச்சவங்க லிஸ்ட்ல பாதி பேர் இல்ல

ஊருக்கு போறவங்க ஆப்ல பால நிறுத்தி வச்சுட்டு போவாங்க, ஆரம்பம், முடிவுன்னு ரெண்டு தேதி. மார்ச் 10-ல இருந்து 16 வரைக்கும் யாருக்கு போட வேணாம்னு லிஸ்ட் எடுக்கணும். எங்க க்வெரி ஆரம்பம் அந்த வாரத்துக்குள்ள இருக்குறவங்கள மட்டும் எடுத்துச்சு. ஒரு வயசான அம்மா 5-ம் தேதியே மதுரைக்கு கிளம்பி 25-ம் தேதி திரும்பி வர்றவங்க, அவங்க ஆரம்பமும் வாரத்துக்குள்ள இல்ல, முடிவும் இல்ல. ஏழு நாள் பாக்கெட் கதவுல தொங்கி, உப்பி, வெடிச்சு, பக்கத்து வீட்டுக்காரங்க கூப்பிட்டு திட்டினாங்க. அவங்க திட்டினது முழுக்க நியாயம்.

ரெண்டு இடைவெளி ஒண்ணோட ஒண்ணு உரசுதான்னு பாக்க, நாலு விதமா ஆர் போட்டு எழுத வேணாம். அவங்க தொடங்குனது என் முடிவுக்கு முன்னாடி, அவங்க முடிச்சது என் தொடக்கத்துக்கு அப்புறம், அவ்வளவுதான்:

வேர் ஆரம்பம் < '2025-03-17' அண்ட் (முடிவு இஸ் நல் ஆர் முடிவு > '2025-03-10')

அந்த அடைப்புக்குறிய விட்டுடாதீங்க, அண்ட் மொதல்ல சேந்துக்கும், ஆர் அப்புறம்தான், அடைப்புக்குறி இல்லன்னா லிஸ்ட்டே மாறிடும். எப்ப வருவேன்னு சொல்லாம போனவங்களுக்கு முடிவு காலியா, 'நல்'னு இருக்கும், இஸ் நல் போடலன்னா அவங்க சத்தமில்லாம விட்டுப்போவாங்க. முடிவுங்கிறது திரும்ப பால் போட வேண்டிய நாள்னா > சரி, பால் வேணாங்கிற கடைசி நாள்னா >= போடணும். எங்க டீம்லயே ரெண்டு பேர் ரெண்டு விதமா நினைச்சுக்கிட்டு இருந்தாங்க, காலம் பேரையே மாத்தி எழுதினப்புறம்தான் தீந்துச்சு.

சரி பண்ணின க்வெரிய எப்படி நம்புறது?

டெஸ்ட் டேபிள்ல அஞ்சே அஞ்சு ரெக்கார்டு போடுங்க, எல்லாம் இந்திய நேரம்: மார்ச் 10 சரியா 00:00:00, அதே நாள் காலை 05:29:59, காலை 05:30:00, ராத்திரி 23:59:59.4, அப்புறம் மார்ச் 11 சரியா 00:00:00. காலம் பின்னத்த ஏத்துக்குதான்னு மறக்காம பாத்துட்டு மார்ச் 10-க்கு க்வெரிய ஓட்டுங்க, லேப்டாப்ல ஒரு தடவ, சர்வர்ல ஒரு தடவ. முதல் நாலும் வரணும், அஞ்சாவது வரக் கூடாது. முதல் ரெண்டு வராம அஞ்சாவது வந்தா ஸோன் மாத்தல, நாலாவது வரலன்னா யாரோ இன்னும் 23:59:59 வச்சிருக்காங்க, அஞ்சும் வந்தா பிட்வீன் எங்கயோ மிச்சம் இருக்கு.